போனஸ் பணத்துக்கு விரித்த வலை

தீபாவளிக்கு முந்திய மாதத்தில் மில் கேட்டில் ஒரே பேச்சுத்தான். போனஸ் எத்தனை சதவீதம்? 8.33 தானா, அதற்கு மேலா? சங்கம் நோட்டீஸ் கொடுக்கிறது. கேட் கூட்டம் நடக்கிறது. நிர்வாகம் நஷ்டக் கணக்கை நீட்டி முழக்கி வாசிக்கிறது. நாலு சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்து, ஒன்றரை சதவீதம் கூட்டி வாங்குவதற்குள் நம் தோழர்களின் தொண்டை வறண்டு போகிறது. மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துப் போனஸ் கணக்கிடும் மில்லில், ஒன்றரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 1,260 ரூபாய்.

போராடி வாங்கிய அந்த 1,260 ரூபாய் கடைவீதியில் எத்தனை நிமிஷம் தாங்குகிறது?

நாம் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் ஒரு தோழர். அவர் மனைவி களையெடுப்புக்கும் நாற்று நடவுக்கும் போகிறவர். போனஸ் கைக்கு வந்த மறுநாள் அவர்களோடு நாமும் கடைவீதிக்குப் போனோம். பிள்ளைகளுக்குத் துணி, பலகாரச் சாமான், மாமியாருக்கு நூல் புடவை ஒன்று. இவ்வளவுதான் உத்தேசம். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் புடவை தொங்கிற்று. அதில் குத்தியிருந்த சீட்டில் இரண்டு எண்கள். 2,400 என்று அச்சடித்து அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அதன் கீழே கொட்டை எழுத்தில் 1,199.

"பாதி விலைக்கா! இன்னிக்கு ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும்தான். நாளைக்கு வந்தீங்கன்னா பழைய விலைதான்" என்றான் விற்பனைப் பையன். அவன் மேல் நமக்குக் கோபமில்லை. அவனும் கூலிக்காரன்தான். கடை ஊழியருக்கு உட்கார ஆசனம் தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகும் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவன்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். "ஆயிரத்து இருநூறு ரூபா மிச்சமாகுதுங்க" என்றார்.

மிச்சம்! மடியிலிருந்து 1,199 ரூபாய் போகிறது. அதற்குப் பெயர் மிச்சம்! இது 40-ஆம் நம்பர் நூலா, 60-ஆம் நம்பர் நூலா, சாயம் நிற்குமா, இந்தச் சரக்கு 1,199 ரூபாய் பெறுமா? நாள் முழுதும் நூலோடு மல்லுக்கட்டும் நம் தோழர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பக்கத்திலே நின்றுகொண்டு தலையாட்டினோம். ஒன்றரை சதவீதம் அந்தக் கல்லாவில் விழுந்தது.

தீபாவளி கழிந்து பத்து நாள் சென்று அதே தெருவில் போனோம். அதே ரகப் புடவை, அதே 2,400, அதே சிவப்புக் கோடு, அதே 1,199. "இன்றே கடைசி" என்ற பலகைக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருந்தார்கள்.

முளைக்குச்சி வித்தை

கோடு போட்ட அந்த 2,400 விலையே அல்ல. அந்த விலைக்கு அந்தக் கடையில் புடவை விற்று நாம் பார்க்கவில்லை. அது மாட்டைக் கட்ட அடிக்கும் முளைக்குச்சி. மாடு எந்தப் பக்கம் சுற்றினாலும் கயிற்றின் நீளத்துக்குள்தான் மேய முடியும். நம் மனத்தை 2,400-ல் கட்டிவிட்டால், அதற்கப்புறம் 1,199 மலிவாகத்தான் தெரியும். முளை 1,300-ல் அடித்திருந்தால் இதே புடவையை வேண்டாம் என்று போட்டுவிட்டு வந்திருப்போம்.

இது வெறும் யூகமல்ல. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1974-ல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். திருவிழா ராட்டினம்போல் எண்கள் எழுதிய ஒரு சக்கரம். சுற்றினால் 10-ல் நிற்கும், அல்லது 65-ல் நிற்கும். அப்படி ரகசியமாகச் செய்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை, இந்த எண்ணைவிடக் கூடவா குறைவா என்று கேட்டார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் 10-ஐப் பார்த்தவர்கள் சுமார் 25 என்றார்கள். 65-ஐப் பார்த்தவர்கள் சுமார் 45 என்றார்கள். சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இத்தனை சக்தி என்றால், புடவையிலேயே குத்தி வைத்த எண்ணுக்கு எவ்வளவு இருக்கும்!

"படிக்காதவன் ஏமாறுவான், விஷயம் தெரிந்தவன் ஏமாற மாட்டான்" என்று சிலர் மீசையை முறுக்குவார்கள். 1987-ல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சி அவர்களுக்குத்தான். அமெரிக்காவில் டூசான் நகரத்தில், வீடு வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட தரகர்களுக்கு ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டி மதிப்புப் போடச் சொன்னார்கள். வீட்டுக்காரர் கேட்கும் விலை என்று ஒருவருக்கு ஓர் எண், மற்றவருக்கு வேறோர் எண். வீடு ஒன்றேதான். கூட்டிச் சொல்லப்பட்டவர் கூட்டி மதிப்பிட்டார், குறைத்துச் சொல்லப்பட்டவர் குறைத்து மதிப்பிட்டார். "அந்த எண்ணைப் பார்த்தா விலை போட்டீர்கள்?" என்று கேட்டால், இல்லவே இல்லை என்று சாதித்தார்கள். தொழில் தெரிந்த தரகனுக்கே இந்தக் கதி.

1,200 என்று எழுதாமல் 1,199 என்று எழுதுவதும் இந்தக் குடும்பத்து வித்தைதான். இதைப் "பாட்டா விலை" என்று கேலி பேசாதவர் யார்? பேசிவிட்டு வாங்குகிறோம். அமெரிக்காவில் தபால் மூலம் துணி விற்கும் கம்பெனி ஒன்றில் நடந்த சோதனை 2003-ல் வெளியாயிற்று. ஒரே ரக உடுப்பை 34 டாலர், 39 டாலர், 44 டாலர் என்று மூன்று விதமாக அச்சடித்து அனுப்பினார்கள். அதிகம் விற்றது 39 டாலரில். 34 டாலருக்குக் கிடைத்தபோது வாங்கியவர்களைவிட, ஐந்து டாலர் கூட வைத்தபோது வாங்கியவர்கள் அதிகம்! ஒன்பதில் முடிந்தால் மலிவு என்று கண் நினைக்கிறது. கை பணத்தை எடுக்கிறது.

"நாளைக்கு வந்தீங்கன்னா பழைய விலை" என்பதற்கும் கணக்கு உண்டு. வழியில் நூறு ரூபாய் கண்டெடுத்தால் அந்தச் சந்தோஷம் சாயங்காலத்துக்குள் போய்விடும். நூறு ரூபாயைத் தொலைத்தால் ராத்திரித் தூக்கமே போய்விடும். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் இன்பத்தைவிடப் பெரிது என்று இதே இரண்டு அறிஞர்கள் 1979-ல் எழுதினார்கள். ஆகவே "வாங்கினால் லாபம்" என்று வியாபாரி சொல்வதில்லை. "வாங்காவிட்டால் நஷ்டம்" என்று பயமுறுத்துகிறான். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஜவுளி விற்காது. அந்த மந்தத்தைத் தாண்டுவதற்குக் கடைக்காரர்கள் செய்த உபாயம் ஆடித் தள்ளுபடி. இன்று அதுவே ஒரு பண்டிகை! விதை விதைக்க வேண்டிய மாதத்தில் வட்டிக்கு வாங்கிச் சேலை எடுக்கிறோம்.

வித்தை கற்றுக் கொடுத்தவர்கள்

மனத்தைப் படிக்கும் சாஸ்திரத்தை வியாபாரத்துக்கு விலைபேசியது நேற்று இன்றல்ல. ஜான் வாட்சன் என்ற பெயர்பெற்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1920-ல் சர்வகலாசாலை வேலை போனதும் நேரே நியூயார்க்கில் ஒரு பெரிய விளம்பரக் கம்பெனிக்குத்தான் போனார்.

அவரையும் தூக்கிச் சாப்பிட்டவர் எட்வர்ட் பெர்னேஸ். மனநோய் வைத்தியத்தில் பேர்போன பிராய்டின் மருமகன் முறை. அமெரிக்கப் பெண்கள் தெருவில் சிகரெட் பிடிக்கக் கூசிய காலம் அது. புகையிலைக் கம்பெனிக்கோ பாதி ஜனத்தொகை வாடிக்கையாகவில்லையே என்ற கவலை. பெர்னேஸ் கூலி வாங்கிக்கொண்டு 1929-ல் ஈஸ்டர் திருநாளன்று நியூயார்க் நகரத்தின் பெரிய வீதியில் இளம்பெண்களைச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடக்க வைத்தார். அது "சுதந்திரத் தீப்பந்தம்" என்று பத்திரிகைகளில் பரப்பப்பட்டது. பெண்கள் ஓட்டுரிமைக்காகச் சிறை சென்று, பட்டினி கிடந்து சம்பாதித்த சுதந்திரம் என்ற சொல்லை ஒரு புகையிலைக் கம்பெனி திருடிக்கொண்டது. அந்தத் தீப்பந்தம் எத்தனை பேர் நுரையீரலைச் சுட்டது!

சாமானை விற்காதே, சாமானோடு ஆசையையும் பயத்தையும் கௌரவத்தையும் முடிந்து விற்பாயாக. இதுதான் அவர்கள் உபதேசம். "உங்கள் மகளுக்கு ஒரு குந்துமணித் தங்கம்கூட இல்லையா?" என்று அட்சய திருதியையன்று வரும் விளம்பரம் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்த நாளில் நகை வாங்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் எந்தச் சேரியில், எந்தக் குடியானவத் தெருவில் இருந்தது?

வட்டியில்லாத் தவணையா?

இவையெல்லாம் நூறு, ஆயிரத்தோடு போகும். தவணை வலை அப்படியல்ல. அது வருஷக்கணக்கில் இழுக்கும்.

நம் தோழரின் மச்சான் முந்திய தீபாவளிக்கு டி.வி. எடுத்திருந்தார். "வட்டி பூஜ்யம்! மாதம் 1,500 மட்டும்!" என்று விளம்பரம். "நாளைக்கு ஐம்பது ரூபாதான் ஆகுது அண்ணே, ஒரு டீ வடைக் காசு" என்றாராம் விற்றவர். நாள் கணக்காகச் சொன்னால் மலையும் மடுவாகத் தெரியும். இதுவும் ஒரு பாடம். பாரத்தை எடுத்து வரச் சொல்லிக் கணக்குப் போட்டோம்.

டி.வி.யின் விலை 18,000. மாதம் 1,500 வீதம் 12 தவணை. கூட்டினால் 18,000, வட்டி இல்லை போலத்தான் தெரிகிறது. ஆனால் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அதே கடையில் 1,500 ரூபாய் தள்ளுபடி. ஆக, டி.வி.யின் உண்மை விலை 16,500. தவணைக்காரர் "பைல் சார்ஜ்" என்று முதலிலேயே 600 ரூபாய் கட்டினார். அப்படியானால் அவருக்குக் கிடைத்த கடன் எவ்வளவு? 16,500-ல் 600 போக 15,900. திருப்பிக் கட்டுவது 18,000. வட்டி 2,100. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு ஒரு மயிரிழைதான் குறைவு. நம் ஊர் பாஷையில் சொன்னால் இரண்டு வட்டி!

"இரண்டு வட்டிக்கு டி.வி. எடுத்துக்கொள்" என்று சொல்லியிருந்தால் மச்சான் கடை வாசலை மிதித்திருப்பாரா? பூஜ்யம் என்றதும் நுழைந்துவிட்டார். அப்புறம் ஒரு மாதம் மில்லில் லே-ஆப், கணக்கில் பணமில்லை, தவணை திரும்பியது. கடன் கொடுத்த கம்பெனி ஓர் அபராதம், பாங்கு ஓர் அபராதம். வட்டி பூஜ்யம், குட்டி மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிறது!

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை வேறு கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்று ரிசர்வ் பாங்கே 2013 செப்டம்பரில் பாங்குகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. அதற்கப்புறம் பூஜ்யம் ஒழிந்ததா? "நோ காஸ்ட்" என்று வேஷ்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு அதே ஆசாமி அடுத்த வாசலில் நிற்கிறான்.

பொட்டலம் இளைத்த கதை

விவசாயத் தொழிலாளி டி.வி. கடைக்குப் போகாமல் இருக்கலாம். மளிகைக் கடைக்குப் போயாக வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலம், ஐந்து ரூபாய்ப் பொட்டலம் என்பது நமக்குப் பழகிப்போன விலை. அந்த விலையைத் தொட்டால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். ஆகவே விலையைத் தொடுவதில்லை, எடையைத் தொடுகிறார்கள். 2022-ல் பாத்திரம் தேய்க்கும் விம் பார், பத்து ரூபாய்க்கு 155 கிராம் என்று இருந்தது 135 கிராம் ஆயிற்று. விலை அதே பத்து ரூபாய். கணக்குப் பார்த்தால் நூற்றுக்குப் பதினாலு ரூபாய்க்கு மேல் விலையேற்றம். நம் கூலியை ஒரே நாளில் பதினாலு சதவீதம் கூட்டிக் கேட்டிருந்தால் எத்தனை தலையங்கம் எழுதியிருப்பார்கள்!

சின்னப் பொட்டலம் எல்லாமே நஷ்டம் என்று நாம் சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஷாம்பு விஷயத்தில் பல சமயம் ஒரு ரூபாய்ப் பாக்கெட்தான் மில்லி கணக்கில் புட்டியைவிட மலிவு. பெரிது வாங்கினால் லாபம் என்று நம்பிப் புட்டி வாங்கும் மாதச் சம்பளக்காரர் அங்கே ஏமாறுகிறார்! கடலூரிலிருந்து கிளம்பிய இந்தப் பாக்கெட் வியாபாரம், கூலிக்காரன் கையிலும் ஷாம்பு கிடைக்கச் செய்தது என்பதும் வாஸ்தவம். இன்னொரு சாமானில் கணக்கு தலைகீழாக இருக்கும். ஆகையால் கண்ணால் மதிப்பிடக் கூடாது. கிராமுக்கு என்ன விலை, மில்லிக்கு என்ன விலை என்று பொட்டலத்தில் அச்சடிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அச்சடிக்கிறார்கள், மடிப்புக்குள்ளே, எறும்பு எழுத்தில், பளபளக்கும் காகிதத்தில். முன்பக்கம் நடிகையின் முகம், பின்பக்கம் பூதக்கண்ணாடி தேவைப்படும் விலை! இத்தனை கிராமில்தான் விற்க வேண்டும் என்று சில சாமான்களுக்கு இருந்த பழைய கட்டுப்பாட்டையும் சர்க்கார் அதே திருத்தத்தோடு எடுத்துவிட்டது. 155 என்ன, 135 என்ன, 112 என்ன, கம்பெனி வைத்ததே எடை.

புத்தியில்லாதவர்களா நாம்?

இத்தனையும் கேட்டுவிட்டு மில் ஆபீசில் ஒருவர் சொன்னார்: "உங்கள் ஆட்களுக்குக் காசைக் கையாளத் தெரியவில்லை. போனஸ் கொடுத்து என்ன பிரயோசனம்?"

இந்தத் திமிர்ப் பேச்சுக்குப் பதில் நம் மண்ணிலேயே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. "சயன்ஸ்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் 2013-ல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னால், கையில் காசு வற்றி, அடகும் கடனுமாக இருக்கும் நாட்களில் அவர்களுக்குப் படப்புதிர்களும் எண் சோதனைகளும் கொடுத்தார்கள். அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு, அதே மனிதர்களுக்கு மறுபடியும் கொடுத்தார்கள். பணமுடையில் தடுமாறியவர்கள் பணம் வந்ததும் தெளிவாகச் செய்தார்கள். மனிதர் அதே மனிதர். மூளை அதே மூளை. நாளைக்கு அடுப்பெரிய வேண்டுமே, பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டுமே என்ற கவலை மூளையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

இந்த வித்தைகள் எல்லார் மேலும் பலிக்கும். டூசான் நகரத் தரகர் மேலும் பலித்தது. ஆனால் காசுள்ளவன் ஏமாந்தால் அவனுக்கு ஒரு புடவை கூடுதல். நம்மவர் ஏமாந்தால் அடுத்த மாத அரிசி குறைகிறது. களைத்துப்போய், கணக்குப் பார்க்கத் தெம்பில்லாமல், வருஷத்தில் ஒரே நாள் கையில் முழு நோட்டோடு நிற்கும் நேரம் எது என்று அவர்களுக்குத் தெரியும். "போனஸ் ஆபர்" என்றே பலகை மாட்டுகிறார்களே! கூலியைக் குறைத்துக் கவலையை உண்டாக்குவது ஒரு கை. அந்தக் கவலையில் சோர்ந்த கண்ணில் சிவப்புக் கோடு காட்டுவது இன்னொரு கை. அப்புறம் நம்மைப் பார்த்துப் புத்தியில்லை என்கிறார்கள்.

கைபேசிக்குள் வந்த கடைக்காரன்

கடைவீதிக்குப் போகாவிட்டாலும் கடை இப்போது நம் சட்டைப் பையில் இருக்கிறது. கைபேசியைத் திறந்தால் கடிகாரம் ஓடுகிறது: "இன்னும் 9 நிமிஷம்!" "இரண்டே உருப்படி பாக்கி!" கடைசிப் படியில் மட்டும் தலைகாட்டும் கட்டணம். நீங்கள் கேட்காமலே கூடையில் ஏறிக்கொண்ட இன்ஷூரன்ஸ். சேர ஒரு தட்டு, விலகப் பதினாறு தட்டு. இவற்றை மோசடி என்று மத்திய சர்க்கார் 2023 நவம்பர் 30-ல் அறிவித்தது; 13 வித்தைகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட இடமிருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். கொடுங்கள். ஆனால் கோடிக்கணக்கில் அள்ளுபவனுக்குப் 10 லட்சம் என்ன? விளம்பரச் செலவோடு அதையும் எழுதிக்கொள்வான்.

தனித்தனியாக நின்று இந்தக் கூட்டத்தோடு மல்லுக்கட்ட முடியாது. 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற மில் ஊரில் 28 பேர் இதைக் கண்டுகொண்டார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். எடைமோசம், கலப்படம், கடைக்கடன் மூன்றிலும் நசுங்கியவர்கள். ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு சேர்த்து அந்த வருஷம் டிசம்பர் 21-ந் தேதி டோட் சந்தில் ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, சரக்கு அவ்வளவுதான். சரியான எடை, கலப்படமில்லாத சாமான், ரொக்க வியாபாரம், லாபம் வாங்கியவர்களுக்கே பங்கு. இன்று உலகெங்கும் உள்ள கூட்டுறவுப் பண்டகசாலைகள் தங்கள் மூதாதை என்று அந்தக் கடையைத்தான் சொல்கின்றன. நம் மில்களிலும் பண்டகசாலைகள் இருந்தன. பலவற்றில் இன்று பூட்டுத் தொங்குகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் கோரிக்கை, போனஸ் கோரிக்கையோடு சேர்ந்து நோட்டீசில் ஏறவேண்டும்.

அதுவரைக்கும் ஒரு காரியம் செய்யலாம். நம் தோழர் ஸ்பின்னிங்கில் இப்போது அதைத் தொடங்கியிருக்கிறார். போனஸ் பட்டுவாடா ஆகும் வாரத்தில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணி வரை சங்க ஆபீஸ் திண்ணையில் ஒரு மேஜை. தவணைப் பாரமோ, நகைச்சீட்டு அட்டையோ, கைபேசியில் வந்த ஆபரோ எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன்னால் அங்கே கொண்டு வரவேண்டும். ரொக்க விலை என்ன, கட்டணம் என்ன, ஆகமொத்தம் எத்தனை வட்டி என்று மூன்றே வரியில் எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் மச்சான் தன் பழைய பாரத்தை எடுத்துவந்து மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டினார். அதன் மேல் சிவப்பு மையில் "இரண்டு வட்டி" என்று எழுதியிருக்கிறது.